கேட்டில் எழுதிய பாஸ்வேர்டு

பஸ் கண்டக்டராக ஓய்வுபெற்ற குஞ்ஞவராவுக்கு, மனைவி இறந்தபின் துணை வங்காளத்துக் கூலியாட்கள்தான். பூட்டில்லாத வைஃபைக்காக மாலையில் கேரளத்துக் கோழஞ்சேரியிலுள்ள அவருடைய வீட்டு முற்றத்தில் வந்து உட்காருவார்கள். "சேட்டா, சாப்டாச்சா?" என்று அவர்களில் ஒருவனான ரஃபிகுல் தினமும் கேட்பான். வேறு யார் கேட்கிறார்கள்?

கனடாவிலிருக்கும் மகன் இதை முற்றத்தில் மாட்டியிருந்த கேமராவில் பார்த்துவிட்டான்.

"அப்பச்சா, கண்டவனெல்லாம் நம்ம நெட்டுல என்ன பண்றானோ! பாஸ்வேர்டு போடுங்க. ஒருத்தன்கிட்டயும் சொல்லக் கூடாது. செத்துப்போன அம்மா மேல சத்தியம் பண்ணுங்க!"

ரவுட்டரைச் சரிசெய்ய வந்தவன், ஊர் வழக்கப்படி வீட்டுப் பெயரையே பாஸ்வேர்டாக வைத்தான். குஞ்ஞவராவுக்கு உள்ளூரச் சிரிப்பு. வாயால் சொல்லத்தானே கூடாது? வீட்டுப் பெயர்தான் கேட்டிலேயே தொங்குகிறதே!

அன்று மாலை நெட் கிடைக்காமல் ரஃபிகுல் விழித்தான். குஞ்ஞவரா வாயை இறுக மூடிக்கொண்டு கேட்டைக் காட்டினார். புரியவில்லை என்றதும் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். பெயர்ப்பலகையில் இருந்ததோ ரஃபிகுலுக்குப் படிக்கத் தெரியாத மலையாள எழுத்து மட்டும்.

ரஃபிகுலின் முகம் சுருங்கியது. "போயிடறோம் சேட்டா. இனி வரமாட்டோம்."

அவர்கள் வெளியேறியதும் போன் ஒலித்தது.

"கேமராவுல பாத்தேன். நல்லா விரட்டினீங்க, சபாஷ் அப்பச்சா!"