தங்கச்சியின் முன்னறை

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். நானும் அப்படித்தான் வெல்லாவெளியிலிருந்து செங்கலடிக்கு வந்தேன், இருபத்தாறு வருஷமாகிறது. அப்பாவின் வீடு தங்கச்சிக்கு என்பதை யாரும் வாய்விட்டுச் சொன்னதுகூட இல்லை. அவளுக்குக் கலியாணம் சரிவராததால் வீட்டை அவள் பேருக்கு உறுதி எழுதும் நாளும் வரவில்லை. அம்மா போன பிறகு அப்பாவைப் பார்த்தவள் அவள்தான். போன வருஷம் அவரும் எதையும் எழுதி வைக்காமல் கண்ணை மூடினார்.

இருவருமாக லோயரிடம் போனோம். மரணசாசனம் இல்லை, பிள்ளைகள் இரண்டு, ஆகவே ஆளுக்குப் பாதி என்றார். என் பாதியை நான் எழுதிக் கொடுத்தால் முழுவதும் அவளுக்கு. அன்றைக்கே கையெழுத்து வைத்திருக்கலாம். ஆனால் எனக்கு இரண்டு மகள்மார், இருப்பதோ மனைவியின் ஒரே வீடு. இளையவளுக்கு என்ன கொடுப்பேன் என்ற யோசனையில் அந்தப் ‘பாதி’ மனதில் ஒட்டிக்கொண்டது. அடுத்த கிழமை பார்ப்போம் என்றேன். ஏழு மாதமாக அந்த அடுத்த கிழமை வரவே இல்லை. அவள் போன் எடுத்துக் கேட்டால் வேலை என்பேன். வெட்கம்கெட்ட வேலை.

மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசியபோது மனைவி வீட்டு உறுதியை முதல்தடவையாக வாசித்தேன். அவளுடைய பெற்றோரும் எழுதி வைக்காமல் போனவர்கள்தான். எங்கள் கலியாணத்துக்கு முதல் வாரம் அவளுடைய இரண்டு அண்ணன்மாரும் தங்கள் பங்கை அவளுக்கு எழுதியிருந்தார்கள். இளையவர் கையெழுத்து வைத்திருந்தார். கதிரவெளியில் கடலுக்குப் போகும் மூத்தவருடையது பெருவிரல் அடையாளம். அவருடைய வீட்டுக்கு இன்றைக்கும் தகரக் கூரை. இங்கே வரும்போதெல்லாம் மீன் கொண்டு வருவார். ஒருநாளும் இந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவர் விட்டுக்கொடுத்த வீட்டில் படுத்துக்கொண்டுதான் நான் தங்கச்சியின் வீட்டில் பாதிக்கு ஆசைப்பட்டிருக்கிறேன். எனக்கே என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் காலை பஸ் பிடித்துப் போனேன். அப்பாவின் முன்னறை கூட்டித் துடைத்து, வெறுமையாகக் கிடந்தது. அவளுடைய அலுமாரியும் தையல் மெசினும் பின்னறையில் நெருக்கியடித்துக் கிடந்தன. ஏன் இப்படி என்று கேட்டேன்.

“அது உங்கட பாதி அண்ணா. கேக்காம நான் எப்பிடிப் புழங்குற?”

அதில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாளைக்கே லோயரிடம் போய்க் கையெழுத்து வைக்கிறேன் என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஓம் என்று தலையாட்டிவிட்டுக் குசினிக்குப் போனாள். நான் முன்னறைக்குள் நின்றிருந்தேன். தேத்தண்ணியோடு திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

“உள்ள வரட்டா அண்ணா?”