அங்கிளுக்கு என்ன முறை?

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மண்டை குழம்பிப் போயிருந்தது. எவ்வளவு பெரிய கட்டடமானாலும் எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். சொந்த வீட்டில் தான் யார் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

வயசு போன காலத்தில், கணவனை இழந்த ஒரு தையல்காரியைக் கல்யாணம் செய்துகொண்ட மனிதர் அவர். அவளோடு பள்ளிக்கூடம் போகிற மகளும் வந்தாள். வந்த நாள் முதல் அவள் கூப்பிட்டது அங்கிள் என்றுதான். என்றைக்காவது அப்பா என்பாள், அதுவரைக்கும் இதுவே போதும் என்று மனிதர் மனசைத் தேற்றி வைத்திருந்தார். பாவம், அதிலும் மண் விழுந்தது.

வகுப்பில் ஏதாவது ஒரு சொல்லின் பூர்வீகத்தைப் பற்றிப் பேச வேண்டுமாம். மகள் சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை பார்த்தாள். அங்கிள் என்பது பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்த சொல்லாம். மூலமான லத்தீனில் அது அம்மாவின் கூடப்பிறந்தவனை மட்டும்தான் குறித்ததாம். அப்பாவின் தம்பிக்கு வேறு சொல்லாம். அதோடு விட்டாளா? அந்த லத்தீன் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் குட்டித் தாத்தா என்று வருமாம்.

மெக்கானிக்குக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்படியானால் இத்தனை நாளும் பெண்டாட்டிக்கு அண்ணனாகவா குடும்பம் நடத்தினோம்? இல்லை, அவளுக்கு அப்பன் முறையா? என்ன கண்றாவி இது!

காலையில் மகள் வழக்கம்போல் கூப்பிட்டதும், "இனிமே அப்படிக் கூப்பிடாதேம்மா" என்று சொல்லித் தொலைத்தார். வேறு எப்படி என்று அவள் கேட்கவில்லை. அவள் முகம் சுருங்கிவிட்டது. அப்பா என்று கூப்பிடு என்று சொல்ல இவருக்கும் நா எழவில்லை; கேட்டு வாங்கினால் அது என்ன உறவு என்று ஒரு வீறாப்பு. அன்றிலிருந்து அவள் எதுவென்றும் கூப்பிடவில்லை. "கேட்டீங்களா", "இந்தாங்க", அவ்வளவுதான். சும்மா கிடந்த வாயை யார் திறக்கச் சொன்னது என்று மனைவி ஒரு பிடி பிடித்தாள். இருந்ததும் போச்சே என்று அவர் நொந்துபோனார்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது, அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் மேல்மாடிக்குச் சற்றுக் கீழே நின்றுபோயிருந்தது. யாரோ மாட்டிக்கொண்டிருப்பதாகக் காவலாளி சொன்னார். மெக்கானிக் மூச்சிரைக்க மொட்டைமாடி மெஷின் அறைக்கு ஏறினார். உள்ளே இருப்பவர் இன்னார் என்று குரல் வராமல், லிஃப்டைக் கையால் நகர்த்தும் சக்கரத்தைத் தொடுவதில்லை என்பது அவருடைய தொழில் வழக்கம். ஏதாவது குழந்தை தனியாகக் கதவில் சாய்ந்திருந்தால் என்ன ஆவது? கயிறு இறங்கும் துளையருகே குனிந்து, "உள்ளே யாரு?" என்று கத்தினார்.

மறுபடியும் கேட்டார்.

"உங்க பொண்ணுதான்" என்றது அழுகைக் குரல். "சீக்கிரம் வாங்க அங்கிள்."

எந்த முறை, யாருக்கு யார் என்று ஒரு கணம் அவருக்குத் தலை சுற்றியது. சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றத் தொடங்கினார்.

"இதோ வந்துட்டேன்டா" என்றார்.