பூச்சியம் என்று எழுதிய கடதாசி

பரிமாறும் மாமாவை நினைத்தால் முகத்துக்கு முன்பு அவருடைய வாளிதான் எனக்கு வருகிறது. அடி நசுங்கிய சில்வர் வாளி, அதற்குள் ஆவி பறக்கும் சாம்பார், அதைத் தூக்கிய கையில் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். கிழமையில் ஆறு நாள் அவர் ஓர் உணவகத்தின் கீழறையில் கோப்பை கழுவினார். ஓய்வு நாளான வெள்ளிக்கிழமையில், பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு பழைய பட்டறைக்குள் இருந்த சின்ன அம்மன் கோயிலுக்கு வந்து, மத்தியானப் பூசை முடிந்ததும் அன்னதானம் பரிமாறுவார். அவருடைய பெயர் எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. அம்மா அண்ணை என்பா. தங்கச்சியும் நானும் மாமா என்போம்.

நாங்கள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். கோயில் வாசலுக்கு வந்ததும் அம்மா கழுத்துச் சங்கிலியிலிருந்த சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிவிடுவா. எங்கள் நெற்றியில் திருநீற்றைத் தானே பூசுவா. பூசை முடியும்வரை, எங்களுக்குப் பாடமில்லாத தேவாரத்துக்கு வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்போம். இலவச உணவுப் பை கொடுக்கும் ஓர் இடத்துக்கும் அம்மா ஒருமுறை போனவ. நடைபாதையில் பதிவு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எங்கள் தெருக் கடைக்காரர் ஒருவர் கடந்து போயிருக்கிறார். அதற்குப் பிறகு அம்மா அந்தப் பக்கம் போகவில்லை. அன்னதானத்தில் அந்தச் சங்கடம் இல்லை. நகைக்கடை முதலாளியும் அதே கடதாசித் தட்டோடு அதே நிலத்தில்தான் உட்காருவார். யார் பசிக்கு வந்தவர், யார் பக்திக்கு வந்தவர் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மாமா மட்டும் பார்த்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

எனக்குப் பத்து வயது, தங்கச்சிக்கு ஆறு. அப்பா ஒபர்வில்லியேயில் ஒரு கிடங்கில் பெட்டி இறக்கி முதுகு பழுதாகிப் படுத்திருந்தார். இன்னொரு குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தோம். சமையலறை எங்களுக்கு இரவில் மட்டுந்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் கன்ரீனில் சாப்பிடாத பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். அம்மா வாசலில் எங்களைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போவா. வாங்கிலில் உட்கார்ந்து பாணுக்குள் மாஜரின் பூசித் தருவா. மழை என்றால் மெத்ரோ பாலத்துக்குக் கீழே நிற்போம். என்ன சாப்பிட்டாய் என்று ரீச்சர் கேட்டால் நான் சோறும் கோழிக்கறியும் என்பேன். மிகவும் சரளமான பிரெஞ்சில் சொல்லுவேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

சாப்பாடு அந்த நாட்டில் இல்லாமல் இல்லை. எங்கள் வகுப்பறைக்கு நேர் கீழேயே இருந்தது. பதினொரு மணியிலிருந்து அவித்த கரட்டும் வெண்ணெயும் படியேறி மணக்கும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அந்தச் சாப்பாடு ஒரு பாணின் விலைகூட இல்லை. ஆனால் வருமானம் குறைவு என்பதற்கு நகரசபைக்கு வரித்தாள் காட்டவேண்டும். காட்டாதவர்களைப் பணக்காரர்களோடு சேர்த்து ஆகக்கூடிய விலையில் போட்டுவிடுவார்கள். பள்ளிக் கொப்பியில் ஒட்டி அனுப்பிய துண்டில் இதெல்லாம் எழுதியிருந்தது. அதை வாசித்து அம்மாவுக்குச் சொன்னது நான்தான். எங்கள் குடும்பத்தில் ஒரு கடதாசியை முழுதாக வாசிக்கக்கூடிய ஒரே ஆள் நான். "வரித்தாள் கேக்கினம்" என்றேன். "வரி கட்டுறதுக்கு எங்களிட்டை என்ன கிடக்கு? அது காசுக்காரருக்கு" என்றா அம்மா. நானும் ஓம் என்றேன். காசில்லாதவரும் வரிப் படிவம் நிரப்பலாம், நிரப்பவேண்டும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. லாச்சப்பலில் அப்போது யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். அப்படியே இரண்டு வருடம் போனது.

அந்த இரண்டு வருடமும் வெள்ளிக்கிழமைகளை மாமாதான் பார்த்துக்கொண்டார். எங்கள் தட்டுக்கு வரும்போது அகப்பை இன்னும் ஆழமாக இறங்கும். போகும்போது சனிக்கிழமைக்கென்று ஒரு பொதி அம்மாவின் பைக்குள் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் சாப்பாடு இல்லையோ என்று ஒருநாள் கேட்டார். பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரச் சாப்பாடு பிடிக்காது என்றா அம்மா. மாமா என்னைப் பார்த்தார். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தங்கச்சி வாசலுக்கு வரவில்லை. கன்ரீனுக்குப் போகும் வரிசையில் தன் சிநேகிதியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து, வைத்ததையெல்லாம் சாப்பிட்டுவிட்டாள். அவளை ஒருவரும் எழுப்பவில்லை, ஏசவுமில்லை. அந்த நல்ல மனதை நான் மறக்கமாட்டேன். ஆனால் பிறகு நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதியாமல் சாப்பிட்ட ஒரு சாப்பாட்டுக்கு ஆகக்கூடிய விலை. அம்மா தங்கச்சிக்கு அடித்தா. பிறகு அறை மூலையில் போய் உட்கார்ந்துவிட்டா.

வெள்ளிக்கிழமை அந்தக் கடிதத்தை மாமா கண்டார். பந்தி முடிந்ததும் எப்ரனைக்கூடக் கழற்றாமல், "வாங்கோ தங்கச்சி, கேட்டுப் பாப்பம்" என்று அம்மாவிடம் சொல்லி எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். நகரசபையில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் அமைதியாகக் கேட்டாள். வரித்தாள் எங்கே என்றாள். வருமானமே இல்லை என்று நான் மொழிபெயர்த்தேன். அப்படியென்றால் அந்தத் தாளில் பூச்சியம் என்று வரும், அந்தப் பூச்சியம்தான் எங்களுக்கு வேண்டும் என்றாள். நான் அதை மாமாவுக்கு இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது. விளங்கியதும் சிரித்தார். நெடுநேரம் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஒண்டும் இல்லை எண்டதுக்கும் கடதாசி வேணுமாம். ரெண்டு வருசமாச் சாம்பார் ஊத்தினனே பிள்ளை, உந்த ஒரு வசனத்தை ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லையே."

படிவத்தை நான் நிரப்பினேன், அம்மா கையெழுத்து வைத்தா. தாள் வந்துசேரக் கோடைவிடுமுறையும் கடந்தது. அதுவரைக்கும் பூங்கா வாங்கில்தான். தாள் வந்த கிழமை அம்மா மாமாவுக்குக் காட்டக் கொண்டுபோனா. அவர் அதைக் கோயில் சுவரோடு பிடித்துக் கையால் நீவினார். "இனி வெள்ளிக்கிழமையிலை சாப்பிட வராதேங்கோ. சாமி கும்பிட வேணுமெண்டா வாங்கோ. அதுக்கும் நீங்கள் வேதக்காரர்" என்றார். அம்மாவின் கை கழுத்துக்குப் போனது. "முதல் நாளே கண்டனான் தங்கச்சி. குனிஞ்சு சாப்பிடேக்கை சிலுவை சாம்பாருக்கை விழப்பாத்தது." அம்மா அன்றைக்கு வெட்கப்பட்டுச் சிரித்தது போல் அதற்கு முன்னரோ பின்னரோ நான் காணவில்லை.

இப்போது எனக்கு இருபத்தாறு வயது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடத்தை முடித்தவள், முதலில் பல்கலைக்கழகம் போனவள். பாரிசின் ஒரு நகரசபையில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். கன்ரீன் விலை போடும் பிரிவு. அம்மா என் அலுவலக அட்டையைப் படமெடுத்து ஊரிலிருக்கும் எல்லோருக்கும் அனுப்பினா. நானும் பெருமைப்பட்டேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கோப்புகள் வருகின்றன. வரித்தாள் இல்லாத கோப்பைக் கணினி தானாகவே ஆகக்கூடிய விலையில் போடுகிறது. என் விரல் ஒரு பொத்தானை அமத்துகிறது, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளைகளின் பெயர் கன்ரீன் பட்டியலிலிருந்து எடுபட்டுவிடும். வரிக் கந்தோரும் அரசு, பள்ளிக்கூடமும் அரசு, நாங்களும் அரசு. யார் படிவம் போடவில்லை என்பதை நாங்களே தேடிப்பிடித்துக் கூப்பிட்டால் என்ன என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். கடிதம் போயிருக்கிறது என்றார் பொறுப்பாளர். அவர் பொல்லாதவர் அல்ல. கடிதம் உண்மையாகவே போயிருந்தது. முதல் வருடம் இதற்கெல்லாம் கோபம் வந்தது. இப்போது கோபத்துக்கு முன்பே களைப்பு வந்துவிடுகிறது.

போன வெள்ளிக்கிழமை மத்தியான இடைவேளையில் கோயிலுக்குப் போனேன். மாமா தலை முழுக்க நரைத்து, ஒரு முழங்காலைத் தூக்கி வைத்து நடந்தார். மூலையில் முன்பு இல்லாத ஒரு பெரிய சமையல் கிடாரம் இருந்தது. புதிதோ என்று கேட்டேன். பழையது போதாமல் போய்விட்டது, போன வருடம் வாங்கினது என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்கடை கந்தோர் ஒழுங்கா வேலை செய்தா என்ரை கிடாரம் சின்னனாகோணும் பிள்ளை. இது வருசத்துக்கு வருசம் பெருக்குது."

அப்போது சாப்பாட்டு வரிசையிலிருந்து ஒரு பெண் என்னைக் கண்டு சிரித்தா. இரண்டு பிள்ளைகள், தோளில் பள்ளிக்கூடப் பைகள். செவ்வாய்க்கிழமை என் கண்ணாடிக்கு முன்னால் நின்றவ. வரித்தாள் இல்லை. "அண்டைக்கு ஆறுதலா விளங்கப்படுத்தினனீங்கள் தங்கச்சி. வேற ஆக்கள் முகம் பாத்தும் கதைக்கமாட்டினம்" என்று நன்றி சொன்னா. நான் அவவுக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தியது, முடியாது என்பதை.

திங்கட்கிழமை காலையில் வாருங்கள், இலக்கம் எடுக்கவேண்டாம், என்னைக் கேளுங்கள், படிவத்தை இரண்டுபேருமாக நிரப்புவோம், தாள் வரும்வரைக்கும் விலையைக் குறைக்கச் சொல்லி நான் பொறுப்பாளரிடம் எழுதிக் கேட்கிறேன் என்றேன். அவ என் கையைப் பிடித்தா. அப்படிச் செய்வது என் வேலை அல்ல. இந்த நாட்டின் சட்டம் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டியதை, தெரிந்த முகம் என்பதற்காக நான் கொடுக்கப்போகிறேன். அதுவும் ஒரு தருமந்தான்.

மாமா கேட்டுக்கொண்டு நின்றார். "நல்லது பிள்ளை. அவவுக்குப் பின்னாலை நிக்கிறவைக்கு?"

திரும்பிப் பார்த்தேன். வரிசை கதவைத் தாண்டி நடைபாதைக்குப் போயிருந்தது. என் இடைவேளை முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அடுத்ததாக நின்ற தாயிடம் போய், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன்.