நோய் என்றால் நாம்

அம்மா இத்தாலிய மொழி படித்த அந்த ஏழெட்டு மாதங்களும் எனக்கு ஒரே நீண்ட பிற்பகலாகத்தான் நினைவில் இருக்கின்றன. பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீடு. ஜன்னலில் பழைய பச்சைச் சேலை ஒன்றைத் திரையாகப் போட்டிருந்தோம். அதைத் தாண்டி வரும் வெயிலும் பச்சையாகத்தான் வரும். இராத்திரி டூட்டி முடித்து வந்த அம்மா அந்தப் பச்சைக்குள் படுத்துத் தூங்குவாள். தூக்கத்திலேயே அவள் உதடுகள் அசையும். "டோர்மோ, டோர்மி, டோர்மே." தூங்குகிறேன், தூங்குகிறாய், தூங்குகிறாள் என்று அதற்கு அர்த்தம். தூங்கிக்கொண்டே அதைச் சொல்ல என் அம்மாவால் மட்டும்தான் முடியும் என்று எனக்குப் பெருமை.

அம்மா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். இத்தாலியில் முதியோர் இல்லம் ஒன்றில் அவளுக்கு வேலை அமைந்திருந்தது. மொழிப் பரீட்சையில் தேறினால் போகலாம். அப்போது எனக்கு எட்டு வயது. அம்மா போகப்போகிறாள் என்பதைத் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். நானும் போகிறேனா என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரும் அப்பாவிடம் கேட்டால், "பாப்போம்ட்டி" என்பார். அம்மாவிடம் கேட்டால் உடனே எண்ணெய்க் குப்பியை எடுத்து எனக்குத் தலைவாரத் தொடங்கிவிடுவாள். பெரியவர்கள் வாயால் சொல்லாததை வேறு வழியில்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எனக்குக் கிடைத்த வழி அம்மாவின் வினைச்சொல் நோட்டு.

நீளமான கோடு போடாத நோட்டு அது. பக்கத்துக்கு ஒரு வினைச்சொல், காலத்துக்கு ஆறு கட்டம். நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள். அந்த மொழியில் வினைச்சொற்களுக்கு வால் உண்டு. ஆரே, ஏரே, ஈரே என்று மூன்றே வால்கள்தான். வாலைக் கழற்றிவிட்டு ஆளுக்குத் தகுந்த வாலை ஒட்டினால் வேலை முடிந்தது. நம் மொழியும் அதைத்தான் செய்கிறது. யாரும் நமக்குக் கட்டம் போட்டுக் கற்றுத்தராததால் நமக்குத் தெரிவதில்லை.

பரீட்சை அதிகாரி நான்தான். நோட்டை நெஞ்சோடு மறைத்துக்கொண்டு கேட்பேன், அம்மா ஒப்பிப்பாள். தவறுக்கு அரை மார்க் குறைப்பேன். அதற்கென்று ஒரு சிவப்புப் பேனா வைத்திருந்தேன். அம்மாவே என்றாலும் சலுகை கிடையாது. இன்றைக்கும் விடைத்தாள் திருத்துவதுதான் எனக்குப் பிழைப்பு. கை அன்றைக்கே கெட்டிப்பட்டுவிட்டது.

ஆட்களின் பெயர்களைக் கேட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நான் என்பதற்கு ஈயோ. நீ என்பதற்குத் தூ. நாம் என்பதற்கு நோய்.

"நீன்னா தூ, நாமன்னா நோயா? நல்ல மருவாதி தெரிஞ்ச ஊருதான் போ. நர்ஸுக்கு ஏத்த பாஷை" என்றார்.

காலங்கள் போதாதென்று அந்த மொழிக்கு மனநிலைகளும் இருந்தன. நடப்பதைச் சொல்ல ஒரு வடிவம். அதட்டுவதற்கு ஒன்று. நடந்தால் நன்றாயிருக்குமே என்று ஏங்குவதற்கு ஒன்று. ஏங்குகிற வடிவம் அம்மாவுக்கு எளிதில் பிடிபடவில்லை. எனக்கு அதட்டுகிற வடிவம்தான் பிடித்தது. சாப்பிடு என்பதற்கு மாஞ்ஜா. பட்டம் விடுகிற பையன்கள் நூலில் தடவுகிற மாஞ்சாவை நான் அம்மாவுக்குச் சாப்பாட்டோடு பரிமாறினேன். முடிந்துபோன காலத்தில் முடியாமல் தொடர்கிற ஒரு காலமும் அந்த நோட்டில் இருந்தது. டோர்மீவோ என்றால் தூங்கிக்கொண்டிருந்தேன். என்றைக்குத் தொடங்கியது, என்றைக்கு முடிந்தது என்று அந்த வடிவம் சொல்லாது. அந்தப் பச்சை வெயிலை நான் அந்தக் காலத்தில்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் குறுக்குத்துறைக்கு ஆற்றில் குளிக்கப் போவோம். அங்கேயும் பாடம் நடக்கும். கழுவுவதற்கு லாவாரே. ஆளுக்கு ஒரு முழுக்கு என்று அம்மா கணக்கு வைத்திருந்தாள். லாவோ என்று ஒரு முழுக்கு, லாவி என்று ஒரு முழுக்கு, லாவா என்று ஒரு முழுக்கு. நான்காவதற்கு என் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வாள். "லாவியாமோ!" இரண்டு பேரும் சேர்ந்து முங்குவோம். தண்ணீருக்கு அடியில் கண்ணைத் திறந்தால் பழுப்பு வெளிச்சத்தில் அம்மாவின் தலைமுடி மெல்ல விரிந்து ஆடும். வாயிலிருந்து குமிழிகள் வரும். அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நோய் என்கிற அந்தக் கட்டத்துக்குள் நானும் இருக்கிறேன் என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் சாட்சி அதுதான்.

இரண்டாவது சாட்சி நோட்டிலேயே கிடைத்தது. நோய் என்பதற்கு நேராக அம்மா தமிழில் 'நாங்கள்' என்று எழுதியிருந்தாள். நான் அதை அடித்துவிட்டு 'நாம்' என்று எழுதினேன்.

"ஏட்டி, ஏன் அடிச்ச?"

"நாங்கன்னா நான் கிடையாதுல்லா. நாமன்னாத்தான் நானும் உண்டு."

அம்மா நோட்டை வாங்கிப் பார்த்தாள். "அங்கன ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான் மக்கா" என்றாள்.

"அப்போ, நாங்க போறோம், நீ இங்கன இருன்னு எப்படிச் சொல்லுவாங்க?"

"அதுக்குச் சுத்தி வளைச்சுத்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு அம்மா எண்ணெய்க் குப்பியைத் தேடினாள்.

எனக்கு வேறென்ன வேண்டும்? தமிழில்தான் ஒருவரை வாசலில் நிறுத்திவிட்டு மற்றவர்கள் போகலாம். இத்தாலியில் அதற்குச் சொல்லே கிடையாது. ஆகவே அந்த ஊரில் ஒருவரும் யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை. இப்படி முடிவு செய்துகொண்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன். கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிற நம் 'நாம்' என்பதற்கு உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று பெரிய பெயர் உண்டு என்பதெல்லாம் பிறகு படித்தது.

ஒரு பக்கம் மட்டும் அம்மாவுக்கு வரவே இல்லை. புறப்படுவதற்கான சொல், பார்த்தீரே. ஒழுங்கான வாலுள்ள சாதுவான சொல்தான். பார்த்தோ, பார்த்தி, பார்த்தே என்று மூன்றைக் கடகடவென்று சொல்வாள். நான்காவதில் நின்றுவிடுவாள். எதிர்காலத்தில் கேட்டாலும் அதே இடத்தில் நிற்பாள்.

"பார்த்தியாமோ, அம்மா! எத்தன தடவ சொல்லுதேன். பார்த்தியாம்மான்னு ஞாபகம் வச்சுக்கோ. நீ என்னைப் பார்த்தியா, அம்மா? அவ்வளவுதான்."

"சரிட்டி, பார்த்துட்டேன்" என்று சொல்லி அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் அரை மார்க் குறைப்பேன். அந்தப் பக்கம் முழுக்க ஆறுக்கு ஐந்தரை, ஆறுக்கு ஐந்தரை என்று சிவப்பாக நிறைந்தது. இவ்வளவு எளிதான சொல்லைக்கூடப் படிக்காமல் அங்கே போய் என்ன செய்வாளோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.

அம்மா பரீட்சையில் நல்ல மார்க்கோடு தேறினாள். அடுத்த வாரம் ராதாபுரத்திலிருந்து பெரியம்மா வந்து, டேப்பை வைத்து என் தோளையும் இடுப்பையும் அளந்துகொண்டு போனாள். இத்தாலியில் குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் கோட்டு தைக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு எதுவும் கேட்கவில்லை. தைத்து வந்தது பழுப்புச் சிவப்பில் கையில்லாத கவுன். குளிருக்கு அது எப்படிப் போதும் என்று மட்டும் யோசித்தேன்.

புறப்படுகிற நாளன்று காலை திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போக ஒரு வேன் வந்தது. அம்மாவோடு போகிற மற்ற மூன்று நர்ஸுகளும் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். அம்மாவின் பெட்டியை அப்பா ஏற்றியபோது, என் புத்தகப் பையையும் நான் ஸீட்டுக்கு அடியில் தள்ளினேன். அதற்குள் இரண்டு கவுன்கள், சீப்பு, சிவப்புப் பேனா எல்லாம் இருந்தன. அப்பா என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கமாகப் போய் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏறி உட்கார்ந்திருந்த அம்மா வேனிலிருந்து இறங்கினாள். பையை எடுத்து மெல்ல என் தோளில் மாட்டினாள். என் முன்னால் ரோட்டிலேயே குத்தவைத்து உட்கார்ந்தாள். பேசுவதற்கு வாயைத் திறந்து மூடினாள். அவளுக்கு உதவி செய்யலாம் என்று நானே கேட்டேன்.

"பார்த்தியாமோ?"

"எதைப் பாக்கணும் பாப்பா?" என்றார் டிரைவர் அண்ணாச்சி.

அம்மா என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "பார்த்தோ" என்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை மாதம் சொல்லிக் கொடுத்தும் முதல் கட்டத்தைக் கொண்டுவந்து நான்காவதில் வைக்கிறாள்.

"தப்பு. அது ஈயோவுக்குள்ளது. நோய்க்குச் சொல்லு."

அம்மா தலையை ஆட்டினாள். "பார்த்தோ" என்றாள் மறுபடியும், இன்னும் மெதுவாக. கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டாள். வேன் தெருமுக்கில் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானமே அப்பா என்னை ராதாபுரம் பஸ்ஸில் பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஜன்னலுக்கு வெளியே பனைமரங்கள் போய்க்கொண்டே இருந்தன. அடுத்த நாள் அந்தப் பழுப்புச் சிவப்புக் கவுனைப் போட்டுக்கொண்டு அங்கே பள்ளிக்கூடம் போனேன். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அதையே போட்டிருந்தார்கள். அம்மாவைப் பார்க்க இரண்டு வருடமானது. இத்தாலிக்குப் போக எனக்கான காகிதங்கள் வந்தபோது போகிற வயதும் ஆசையும் எனக்குக் கடந்துவிட்டிருந்தன. பார்த்தீரே பக்கத்தில் அம்மா ஒரு நாளும் எதையும் மறக்கவில்லை என்பதும், அந்த ஒரு கட்டத்தை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல அவளால் முடியவில்லை என்பதும் அதற்கெல்லாம் பிறகுதான் எனக்கு உறைத்தது.

அன்று பஸ்ஸில் நான் அழவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை என்று பெரியம்மா பிறகு எல்லோரிடமும் சொன்னாள். நான் மடியில் நோட்டை விரித்து, பார்த்தீரே பக்கத்தைத் தேடி எடுத்து, கடைசியாக ஒரு முறை ஆறுக்கு ஐந்தரை என்று போட்டேன். தப்பாகச் சொல்லிவிட்டுப் போனவள் எப்படியும் திருத்திச் சொல்லத் திரும்பி வருவாள் என்று, பேனாவை மூடாமல் கையிலேயே வைத்திருந்தேன்.