அக்கா எழுதிய ஐந்து வரி

தொண்ணூறுகளின் கடைசியில் திருப்பதியில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். அவர் நடந்தபடியே சொல்வார், நான் அடித்துக்கொண்டே போவேன். அன்று காலை ஒரு அவதூறு நோட்டீஸ். கட்சிக்காரர், வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட். எதிராளியின் விலாசத்தைச் சொல்லத் தொடங்கினார். விஜயபுரம் மண்டலம் என்றார். அடுத்து எங்கள் ஊரின் பெயர். அதற்கும் அடுத்து என் அக்காவின் பெயர்.

என் விரல்கள் நின்றுவிட்டன.

"என்னம்மா?"

"பேப்பர் கோணலாப் போவுது சார்."

தாளை உருவி மறுபடி மாட்டி, முழுவதையும் அடித்தேன். பத்திரிகையில் வெளியான கடிதத்தால் கட்சிக்காரரின் நற்பெயர் கெட்டுவிட்டது, பதினைந்து நாளுக்குள் நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்க வேண்டும், தவறினால் கிரிமினல் வழக்கு, இரண்டு வருடம் வரை சிறை. ரிஜிஸ்டர் தபால் உறையிலும் நானே விலாசம் எழுதினேன். அது என் அக்கா என்று சொல்லவில்லை. பயம்தான். வேறு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

சனிக்கிழமை புத்தூரில் பஸ் மாறி ஊருக்குப் போனேன்.

அக்கா அங்கன்வாடி டீச்சர். எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராகக் குவைத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. எதிர் வீட்டுப் பெண்ணும் அந்த ஏஜெண்ட் மூலம் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அக்கா தெலுங்குப் பத்திரிகைக்கு எழுதியது மொத்தமே ஐந்து வரி. இந்த ஏஜெண்ட் ஒரு வேலையைச் சொல்லி வேறு வேலைக்கு அனுப்புகிறார், போன பெண்களின் பாஸ்போர்ட் அவர்கள் கையில் இல்லை, போகிறவர்கள் நன்றாக விசாரித்துக்கொண்டு போங்கள். அவ்வளவுதான். பத்திரிகைக்கும் ஏற்கெனவே ஒரு நோட்டீஸ் போயிருந்தது. அவர்கள் ஒரு மூலையில் வருத்தம் தெரிவித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அக்கா மட்டும் மிஞ்சினாள்.

எனக்கு முன்பே தபால் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது.

"நான்தான் அடிச்சேன்," என்றேன்.

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு, "தப்பில்லாம அடிச்சியா?" என்றாள்.

நைனா, எங்கள் அப்பா, நோட்டீஸை மடித்து வைத்தார். "ஒரு கையெழுத்து தானே? மன்னிச்சிக்கோன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடும்மா. போலீஸு, கோர்ட்டுன்னு நம்மால அலைய முடியுமா?"

அவர் வெளியே போனதும் அக்கா கதவைச் சாத்திவிட்டு ஒரு கேசட்டைப் போட்டாள். குவைத்தில் இருப்பவர்கள் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி, லீவில் வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார்கள். இது நேராக அக்காவுக்கு வந்தது. ஒரு பக்கம் எதிர் வீட்டுப் பெண் தன் மகளுக்குப் புத்தி சொல்லியிருந்தாள். மறுபக்கத்தில் குரல் தாழ்ந்திருந்தது.

"இது நாலாவது வூடு அக்கா. பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சிக்கினாங்க. அடிக்கறாங்க. எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லாத. நான் சொன்னேன்னு இங்க தெரிஞ்சா என்னெ உசுரோட வுட மாட்டாங்க."

"இது போதும்," என்றேன். "சொன்னது நெசம், நாலு பேரு நல்லதுக்குச் சொன்னதுன்னு காட்டிட்டா கேஸே நிக்காது. சட்டத்துலயே அப்டித்தான் கீது."

"கோர்ட்டுல குடுத்தா அந்த ஏஜெண்டுக்கும் கேக்கக் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"அவ இன்னும் அந்த வூட்லதான் கீறா," என்று சொல்லிவிட்டு கேசட்டைத் துணிகளுக்கு அடியில் வைத்துப் பெட்டியைப் பூட்டினாள்.

திங்கட்கிழமை வக்கீலிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றார். "உங்க அக்கா எழுதினது நிஜம்னா நிரூபிக்கட்டும்மா. சட்டம் வழியை மூடி வைக்கலையே."

"நிஜம்தான் சார், ஆனா நிரூபிக்க முடியாதுன்னா?"

"அப்போ அதைப் பேப்பருக்கு எழுதக் கூடாது."

அன்றே வேலையை விட்டேன். பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கச் சேர்ந்தேன்.

அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. வழக்கு திருப்பதிக் கோர்ட்டுக்கு வந்தது. முதல் நாள் மாஜிஸ்திரேட் தெலுங்கில், "நேரம் ஒப்புக்குண்டாவா?" என்றார். எங்கள் தமிழில் நேரம் என்றால் பொழுது, அங்கே அது குற்றம்; ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். அக்கா இல்லை என்று தலையசைத்தாள். வாயால் சொல்லச் சொன்னார்கள். "லேதண்டி," என்றாள்.

அதன் பிறகு வாய்தாதான். அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு அவள் விடிகாலை பஸ் ஏறி வருவாள். மேலதிகாரி காரணம் கேட்டு எழுத ஆரம்பித்தார். ஊரில், டீச்சர் மேல் கேஸ் என்று சொல்லிப் பிள்ளைகளை அனுப்பாதவர்களும் உண்டு.

ஒரு வாய்தாவின்போது கோர்ட் வராந்தாவில் ஏஜெண்ட் எங்களிடம் வந்தான். தெலுங்கில் தொடங்கித் தமிழுக்கு மாறினான். பேச்சில் மரியாதை இருந்தது.

"அக்கா, நானும் பொண்ணுங்களோட பொறந்தவன். நீங்க மன்னிப்புகூடக் கேக்க வாணாம். உங்களுக்கு யாரு சொன்னதுன்னு மட்டும் சொல்லுங்க. கேஸ இன்னிக்கே வாபஸ் வாங்கிக்கிறேன்."

அவன் கையில் ஒரு செல்போன் இருந்தது. அப்போது அது எல்லோரிடமும் இல்லாத பொருள். பெயரைச் சொன்னால் அடுத்த நிமிடமே குவைத்துக்குப் பேசிவிடுவான் என்று நினைத்தேன்.

"யாரும் சொல்லல. எனக்கே தோணிச்சி, எழுதினேன்," என்றாள் அக்கா.

அக்காவுக்காக நாங்கள் வைத்திருந்த பெண் வக்கீல் பக்கத்தில்தான் இருந்தார். அவன் போனதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆதாரமே இல்லாம எழுதினேன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களேம்மா! நாளைக்குக் கூண்டுல ஏறி இதையே சொல்லுவான்."

"சொல்லட்டும்," என்றாள் அக்கா. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் அவளால் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை.

இரண்டு வருடம் அப்படியே போயிற்று. பிறகு ஒருநாள் எதிர் வீட்டுப் பெண் திரும்பி வந்தாள். வேலை பார்த்த வீட்டிலிருந்து ஓடித் தூதரகத்தில் போய் நின்றிருக்கிறாள். பாதி உடம்பாக வந்தவள், மறுநாளே அக்காவிடம் வந்தாள்.

"நானே கோர்ட்டுக்கு வந்து சொல்றேன் அக்கா."

"உங்க வூட்டுக்காரரு?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். அழுதாரு. போயி சொல்லுன்னாரு."

அடுத்த வாய்தாவுக்கு மூவரும் போனோம். அவள் இஸ்திரி போட்ட புடவை கட்டியிருந்தாள். பஸ்ஸில் உதடு அசைந்துகொண்டே வந்தது. சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தாள். கோர்ட்டில் ஏஜெண்டின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. முந்தைய இரண்டு வாய்தாவுக்கும் அவன் வந்திருக்கவில்லை. ஆபீசை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். புகார் கொடுத்தவர் ஆஜராகவில்லை, ஆகவே விடுதலை என்று மாஜிஸ்திரேட் எழுதினார். சில நிமிடங்களில் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அது ஈரமாக இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்னெ கூப்புட மாட்டாங்களா?" என்றாள் எதிர் வீட்டுப் பெண்.

"கேஸ் முடிஞ்சி போச்சி," என்றேன்.

"அப்ப நான் சொல்ல வந்தது?"

அக்கா எழுதியது நிஜமா பொய்யா என்பதை அந்தக் கோர்ட் கடைசிவரை கேட்கவே இல்லை.

புத்தூர் பஸ்ஸில் கூட்டம். எங்கள் இருவருக்கும் நடுவில் எதிர் வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். வடமாலப்பேட்டை தாண்டியதும் பேச ஆரம்பித்தாள். குரலைத் தாழ்த்தவில்லை. முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு அவள் பக்கம் திரும்பியே உட்கார்ந்துகொண்டார்கள். நின்றிருந்த ஒருத்தி, "எந்த ஏஜெண்டும்மா?" என்று கேட்டாள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தடுக்கவில்லை. எதிர் வீட்டுப் பெண் ஏஜெண்டின் பெயரைச் சொன்னாள். பஸ் புத்தூருக்குள் நுழையும்போது நாலு வீட்டில் இரண்டாவது வீட்டுக் கதையைத்தான் முடித்திருந்தாள்.