தாயார் சன்னதிக் கதவும் எங்கள் வீட்டுக் கதவும்

சனிக்கிழமை பஜனைக்கு வருகிற உங்களுக்கு என்னைத் தெரியும். தாளம் எங்கே தப்புகிறதோ அங்கே ஜால்ரா யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள், அது நான்தான். தண்ணீர் ஃபில்டர் சர்வீஸ் பார்ப்பவன். ஸ்ரீரங்கத்தில் பாதி வீட்டுச் சமையலறை எனக்கு அத்துப்படி. ரங்கநாயகித் தாயார் எனக்குச் செய்த உபகாரத்தை எழுதித் தரும்படி நீங்கள் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. என் மானம் கொஞ்சம் போகும் என்பதால் தள்ளிப்போட்டேன். இனிமேல் போவதற்கு மிச்சம் இல்லை. எழுதுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறாவது வருஷம் ஒரு பையன் பிறந்தான். ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டான். புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி. டாக்டர்கள் தங்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். இரண்டு நாள் இருந்தான். அவனுக்காக என் மனைவி சுமதி ஒரு மஞ்சள் கம்பளித் தொப்பி பின்னி வைத்திருந்தாள். அது அவன் தலைக்கு ரொம்பப் பெரிது. நர்ஸம்மா ஓரத்தை மடித்து மடித்துப் போட்டுவிட்டார். வீட்டுக்குத் திரும்பும்போது சுமதி மடியில் அந்தத் தொப்பி மட்டும் இருந்தது.

அதற்கப்புறம் எந்தக் கருவும் தங்கவில்லை. வைத்தியம், விரதம், ஜோசியம், எல்லாம் ஆயிற்று. சுமதி வளைகாப்பு வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு கல்யாண வீடுகளுக்கும். எனக்கு அழத் தெரியாது. ஜோக் அடிக்கத்தான் தெரியும். துக்கம் விசாரிக்க வந்தவர்களையே சிரிக்க வைத்து அனுப்பியவன் நான். ஒருநாள் சுமதி சொன்னாள்: "கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன். எனக்கு அழணும்னா அழுதுட்டுப் போறேன்."

எங்கள் வீட்டில் எட்டு வருஷம் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தவர் யாரும் இல்லை.

பிறகு ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே அவள்தான் ஆரம்பித்தாள். "ஏங்க, நாம ஒரு குழந்தையத் தத்து எடுத்துக்கலாமா?" எந்த ஊர்க் குழந்தை, எந்தப் பாஷைக் குழந்தை என்றாலும் சரி என்று பதிவு செய்தோம். அடுத்தது ஹோம் ஸ்டடி என்றார்கள். பாத்திமா மேடம் என்று ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கே வருவார். வீடு, வருமானம், உடம்பு, புருஷன் பெண்டாட்டி எப்படி வாழ்கிறார்கள், எல்லாம் பார்ப்பார். சேர்த்து வைத்துக் கேட்பார், தனித்தனியாகவும் கேட்பார். அவர் எழுதும் அறிக்கை சரியில்லை என்றால் குழந்தை கிடையாது.

 இந்த வித்தை எனக்குத் தெரியும். நான் வருகிறேன் என்றால் ஜனங்கள் சமையலறையைப் பளபளவென்று துடைத்து வைப்பார்கள். ஃபில்டரைச் சுவரிலிருந்து கழற்றிப் பார்த்தால்தான் பின்னால் பத்து வருஷக் கதை ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டை யாரும் கழற்றிப் பார்த்துவிடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சுவருக்குப் பெயின்ட் அடித்தேன். பால்கனிக்கு வலை போட்டேன். இதுவரை தப்பில்லை. பிறகு எதிர் ஃப்ளாட் பானு அக்காவிடம் ஒரு மூட்டை பொம்மையும் ஒரு மூன்று சக்கர சைக்கிளும் கடன் வாங்கினேன்.

"குழந்தையே இன்னும் வரல, அதுக்குள்ள சைக்கிளா? மேடம் கேட்டா, தம்பி, நீங்க ஓட்டறதுன்னு சொல்லுவீங்களா?" என்றார் அக்கா.

அதோடு விட்டேனா? கேள்வி பதில் இரண்டு பக்கம் எழுதி சுமதியிடம் கொடுத்தேன். 'சண்டை போடுவீர்களா?' என்ற கேள்விக்கு, 'பதினாலு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை' என்று பதில்.

"இதை மனப்பாடம் பண்ணலேன்னு நேத்து கத்தினீங்களே, அது எந்தக் கணக்கு?" என்று மறுநாள் கேட்டாள்.

அடுத்த பக்கத்தில், 'முன்பு குழந்தை பிறந்ததா?' என்ற கேள்விக்கு, 'இல்லை' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்தாள்.  தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மக்கு நான், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் பழைய துக்கத்திலேயே இருக்கிறார்கள், இவர்களுக்கு எதற்குக் குழந்தை என்று அந்த மேடம் நினைத்துவிட்டால்? அந்தப் பயம்தான். பீரோவில் அவள் புடவைகளுக்கு அடியில் இருந்த மஞ்சள் தொப்பியை அவளுக்குத் தெரியாமல் எடுத்துவிட்டேன்.

அந்த வாரம் பங்குனி உத்திரம். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாயாருக்குத் தெரியாமல் உறையூர் நாச்சியாரைப் பார்த்துவிட்டு வந்த பெருமாள், ஒன்றுமே தெரியாதவர் போல வந்து நிற்பார். தாயார் கதவைச் சாத்துவாள். பூவாலும் வெண்ணெயாலும் பெருமாளுக்கு மட்டையடி விழும். கடைசியில் ஆழ்வார் வந்து நியாயம் பேசின பிறகுதான் கதவு திறக்கும். பொய் சொன்னால் பெருமாளுக்கே உள்ளே இடமில்லை என்று காட்டுகிற அந்தச் சன்னதியில், அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு நான் என்ன வேண்டினேன் தெரியுமா?

"தாயே, மேடம் கண்ணுல எங்க வீட்டுக் குறை ஒண்ணுகூடப் படக் கூடாது. எல்லாத்தையும் மறைச்சுடும்மா."

கேட்ட இடம் அப்படி. கேட்ட ஆள் இப்படி.

அடுத்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மேடம் வருவதாக ஏற்பாடு. பத்து மணிக்குப் பட்டுப் புடவை எடுக்கப் பீரோவைத் திறந்தாள் சுமதி.

"அது எங்க?"

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"வீடு ஒதுங்க வெச்சப்போ எங்கயாவது போயிருக்கும். இப்ப அதுவா முக்கியம்?"

அவள் என்னையே பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நான் நைஸாக நழுவி, பானு அக்கா வீட்டு வாசலில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியை எடுத்துவர வெளியே போனேன். அதுவும் கடன்தான். தொட்டியோடு திரும்பினால் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

வேட்டி, பனியன், கையில் பூந்தொட்டி. நின்றேன். "சுமதி, மேடம் வந்துடுவாங்க. தெற" என்றேன். பிறகு, "எனக்கு ஒண்ணும் தெரியாது, சத்தியமா" என்றேன். 

பானு அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, மட்டையடி போன வாரமே முடிஞ்சுதே? வெண்ணெய் வேணும்னா எங்க ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சுமதிகிட்டக் குடுக்கட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் படியில் செருப்புச் சத்தம். தோளில் பை, கையில் ஃபைல். அரை மணி முன்னதாகவே பாத்திமா மேடம் வந்துவிட்டார்.

"தத்துக்கு அப்ளை பண்ணினது நீங்கதானுங்களா? ஏன் வெளிய நிக்கறீங்க?"

"சும்மா காத்து வாங்கறேங்க மேடம்."

உள்ளேயிருந்து சுமதி குரல்: "பொய் மேடம். நான்தான் தாழ்ப்பாள் போட்டிருக்கேன்."

முடிந்தது என்று நினைத்தேன். குழந்தை, அறை, பெயின்ட், பால்கனி வலை, எல்லாம் போயிற்று. மேடம் என் கையிலிருந்த தொட்டியை வாங்கிக் கீழே வைத்தார். மாடிப்படியில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார்.

"சரி, இங்கயே ஆரம்பிச்சுடலாம். நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுவீங்களா?"

மனப்பாடம் செய்த பதில் தானாக வாய்க்கு வந்தது. "பதினாலு வருஷத்துல…" என்று தொடங்கினேன். அவர் கதவைப் பார்த்தார், என் பனியனைப் பார்த்தார். 

"போடுவோம் மேடம். இப்பக்கூட."

"எதுக்கு?"

"ஒரு தொப்பிக்கு."

ஜோக் சொல்கிற குரலில்தான் ஆரம்பித்தேன்.  எட்டு வருஷம் யாரிடமும் சொல்லாததை, மாடிப்படியில், பனியனோடு, முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடம் சொன்னேன். மடித்து மடித்துப் போட்ட தொப்பி. இரண்டு நாள். வீட்டுக்கு வந்த ஆட்டோ. பீரோவிலிருந்து நான் அதைத் திருடினது. சொல்லிக்கொண்டே அழுதேன். அக்கா வீட்டு டிவி சத்தம் நின்றது.

"எங்க போட்டீங்க அதை?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

போடவில்லை. போட முடிந்தால்தானே? குப்பைத் தொட்டிவரை இரண்டு தடவை கொண்டுபோய்த் திரும்பிவிட்டேன். செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் என் டூல்ஸ் பை இருந்தது. ஈரம் என்று அதைச் சுமதி உள்ளே விடமாட்டாள். திறந்தேன். புது ஃபில்டர்களுக்கு நடுவில், நனையாமல் இரண்டு கவர் சுற்றி வைத்திருந்ததை எடுத்தேன். குனிந்து கதவுக்கு அடியில் தள்ளினேன். பாதி மஞ்சள் உள்ளே போயிற்று, பாதி வெளியே நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மீதியும் உள்ளே போயிற்று.

தாழ்ப்பாள் திறந்தது.

மேடம் இரண்டு மணி நேரம் இருந்தார். என்னைத் தனியாகக் கேட்டார், சுமதியைத் தனியாகக் கேட்டார். என் இரண்டு பக்கத் தாளில் இருந்த ஒரு பதிலும் உபயோகப்படவில்லை. கிளம்பும்போது சுமதியிடம், "இந்தத் தொப்பியைப் பத்தி நான் எழுதிக்கலாமாம்மா?" என்று அனுமதி கேட்டார்.

"எழுதுங்க மேடம். அவன் பேரையும் எழுதுங்க. முகுந்தன்."

அவனுக்குப் பேர் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வாசலில் என்னிடம் சொன்னார்: "நிறைய வீட்டுக்குப் போறேங்க. சண்டையே இல்லம்பாங்க. அங்கதான் எனக்குப் பயமா இருக்கும். அப்புறம் அந்த சைக்கிளைத் திருப்பிக் குடுத்துடுங்க. பின்னாடி வேற வீட்டுப் பிள்ளை பேரு எழுதியிருக்கு."

அறிக்கை நல்லபடியாகப் போயிற்று. அதற்குமேல் மூன்று வருஷத்துக்கு மேலாகக் காத்திருப்பு. ஆனால் அந்தக் காத்திருப்பை இரண்டு பேருமாகக் காத்திருந்தோம். முகுந்தன் பிறந்த நாளன்று சுமதி பாயசம் வைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஜோக் அடிக்காமல் சாப்பிட்டேன்.

ஒடிசாவில் ஒரு பெண் குழந்தை, இரண்டு வயது என்று தகவல் வந்தபோது நான் யார் வீட்டிலோ ஸ்டூல் மேல் நின்றிருந்தேன். இறங்கினது நினைவில்லை. ரயிலேறிப் போனோம். அவள் ஆயாம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் குரங்குச் சேஷ்டையெல்லாம் செய்து பார்த்தேன். ரொம்ப நேரம் கழித்து என்னைப் பார்த்து, "பாணி" என்றாள். தண்ணீர் கேட்கிறாள் என்றார் ஆயாம்மா. இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் தண்ணீர் பார்த்தவன், ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவருவதற்குள் பாதி கொட்டிவிட்டேன். மீதியைக் குடித்தாள். காலி டம்ளரை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

ரங்கநாயகி என்று பேர் வைத்தோம். நாயகி என்று கூப்பிடுகிறோம். இப்போது ஐந்து வயது. அந்த மஞ்சள் தொப்பி அவளுடைய பொம்மை தலையில் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும், "இது எங்க முகுந்தன் அண்ணனுது, கிழிக்கக் கூடாது" என்று சொல்லித்தான் தொட விடுவாள்.

மறைத்துவிடு என்று கேட்டேன். தாயார் அதைத் தரவில்லை. நான் கேட்கத் தெரியாமல் விட்டதைத் தந்தாள். உங்களில் யாராவது ஒரு குழந்தைக்காகவோ, வேறு எதற்காகவோ வீட்டைத் துடைத்துப் பெயின்ட் அடித்துக் காத்திருந்தால், என்னைப் போல வேண்டாதீர்கள். இருப்பதை இருப்பதாகச் சொல்லுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நம்பிப் போய் நில்லுங்கள்.

இந்த வருஷம் உத்திரத்தன்று நாயகி என் தோளில் உட்கார்ந்திருந்தாள். தாயார் சன்னதிக் கதவு சாத்தியதும் என் காதைப் பிடித்து இழுத்து, அக்கம்பக்கம் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

"அப்பா, பெருமாள் எதை ஒளிச்சு வெச்சாரு?"

பக்கத்தில் நின்ற சுமதி சிரித்தாள். அந்தக் கூட்டத்திலும் எனக்கு அது கேட்டது.