இடப்பக்கத்திலிருந்து வந்த அளவுக்கம்பி

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறவள் நான். கூத்தாநல்லூரில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பெண்களுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். படித்தவள் இப்படி உளறலாமா என்று நீங்கள் நினைத்தால் அது நியாயமே. ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

என்னிடம் இருபத்தாறு ஆண்டுகள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவர் ஜமீலா. இடக்கைக்காரர், என் இடப்பக்கம்தான் நிற்பார். கருப்பையைச் சுத்தம் செய்யும் சிறு சிகிச்சைக்கு முன், உள்ளே ஆழமும் சாய்வும் எப்படியென்று ஒரு நீண்ட கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் தியேட்டரில் அதை அளவுக்கம்பி என்போம். அனுபவப்பட்ட கைக்கு அது எதற்கென்று நான் அதைத் தவிர்க்கத் தொடங்கியிருந்தேன். ஜமீலா விடமாட்டார். நான் எதைக் கேட்டாலும் முதலில் அதையே என் உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை தட்டுவார்.

"அளந்துட்டுப் போங்க டாக்டரம்மா. கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல."

அவர் காலமான மறுமாதமே அந்தக் கம்பியைப் பழைய இரும்போடு போடச் சொல்லிவிட்டேன். அதன் கைப்பிடியில் அடையாளத்துக்கென்று அவர் போட்ட மூன்று கீறல்கள் இருக்கும்.

அந்த ஐப்பசியில் ஒருநாள், பட்டப்பகல் பதினொரு மணி. முதல் கரு கலைந்துபோன இளம்பெண். "திரும்பத் தங்கும்ல டாக்டர்?" என்று மயக்கம் ஏறும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். புது நர்ஸ் கவிதா என் வலப்பக்கம், மயக்க மருத்துவர் தலைமாட்டில். இடப்பக்கம் வெறும் சுவர்.

கருப்பை வாயை விரிக்கும் டைலேட்டரைக் கேட்டுக் கை நீட்டினேன். வந்தது அளவுக்கம்பி. இடப்பக்கத்திலிருந்து வந்தது. கருவிகளை நீராவியில் சுத்திகரிக்கும் ஆட்டோகிளேவிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் இளஞ்சூடு. உள்ளங்கையில் இரண்டு தட்டு.

"ஏம்மா, நான் என்ன கேட்டேன், நீ என்ன குடுக்குற?"

"நான் இன்னும் எதையும் தொடவே இல்லைங்க டாக்டர்."

அவளுடைய இரு கைகளிலும் பஞ்சு இருந்தது.

கம்பியைத் தட்டில் வைத்துவிட்டு மறுபடி கை நீட்டினேன். மறுபடியும் அதுவே வந்தது. இம்முறை தட்டியது வலித்தது. இடப்பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை என்பதே உண்மை. அளந்தேன். கருப்பை முன்புறம் சாய்ந்திருப்பதாக நான் முடிவு கட்டியிருந்தேன். அதுவோ பின்புறம் மடங்கியிருந்தது. என் கணிப்பை நம்பி டைலேட்டரைச் செலுத்தியிருந்தால் கருப்பைச் சுவரைத் துளைத்திருப்பேன்.

முடிந்ததும், வழக்கம்போல் கருவிகளைப் பெயர் சொல்லி எண்ணினோம். ஒன்று கூடுதலாக இருந்தது.

"அளவுக்கம்பி நீங்க கேக்கவே மாட்டீங்கன்னு நான் செட்ல வைக்கவே இல்லைங்களே டாக்டர்," என்றாள் கவிதா.

கைப்பிடியைத் திருப்பினேன். மூன்று கீறல்கள்.

"வெளியே சொல்ல வேண்டாம்," என்றேன் மயக்க மருத்துவரிடம்.

"எதைச் சொல்றது மேடம்? சொன்னா, டாக்டரம்மாவுக்கு வயசாயிடுச்சுன்னுதான் ஊரு பேசும்."

அந்த மாதமே தியேட்டரை மூடிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு இப்போது ஒரு மகன் இருக்கிறான். கம்பி என் பீரோவில் இருக்கிறது. ஆட்டோகிளேவை விற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மார்கழிக் குளிரில் பீரோக் கதவே சில்லிட்டிருக்கும்போதும், அந்தக் கம்பி மட்டும் இளஞ்சூடாகவே இருக்கும். இப்போதெல்லாம் நான் அதைத் தொடுவதில்லை. உறங்கும்போது உள்ளங்கையை விரித்து வைப்பதுமில்லை.